சார்ட்டி நேரமும் பறப்பு நேரமும்: படைத்தளப் பதிவறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பறக்கும் படைப்பிரிவுகளின் கட்டளை அதிகாரிகளுக்கும், அங்கே பறப்புப் பதிவேடு எழுதிக் காப்பவர்களுக்கும்,

வணக்கம்.

படையிலிருந்து ஓய்வு பெற்று பயணிகள் விமானம் ஓட்டப் போகும் பைலட், தன் பறப்புகளை எழுதிவைத்த லாக் புக்கோடு உரிம அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே அவரிடம் கேட்பார்கள்: "இந்த மணிக்கணக்கு எங்கிருந்து எதுவரை எண்ணியது?" பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அந்தக் கணக்கை எழுதியது உங்கள் பதிவறை. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திருத்த முடியாத ஒன்றை இன்றைய சார்ட்டியிலேயே, அதாவது விமானம் ஒருமுறை கிளம்பித் திரும்பும் பறப்பிலேயே, சரியாக எழுதிவிடலாம் என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

குடிமை விமானத் துறையில் பறப்பு நேரம் என்பதற்கு ஒரே பொருள்தான்: வானில் ஏறுவதற்காக விமானம் முதன்முதலில் நகர்ந்த கணம் முதல், பறப்பு முடிந்து கடைசியாக நிற்கும் கணம் வரை. ஹெலிகாப்டருக்கு இறக்கை சுழலத் தொடங்கியதிலிருந்து, தரையிறங்கி இறக்கை நிற்கும் வரை. படைகளில் பல இடங்களில் எண்ணுவது ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது முதல் தரை தொட்டது வரை, அல்லது அதற்கு ஒட்டிய ஏதோ ஒரு கணக்கு. எஞ்சின் பராமரிப்புக்கு அது போதும், உரிமத்துக்குப் போதாது.

வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். 800 சார்ட்டி, சராசரி 1.2 மணி என்றால் 960 மணி. டாக்ஸி (விமானம் தரையில் ஊர்ந்து செல்வது), ஆயுதச் சரிபார்ப்பு, ஓடுபாதை முனையில் காத்திருப்பு, திரும்பி நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் சேர்த்து சார்ட்டிக்கு 18 நிமிடம் என்று வைத்தால் 240 மணி கூடும். மொத்தம் 1,200. போர் விமானத்தில் சார்ட்டி குறுகியது என்பதால் அடி அங்கேதான் பலமாக விழும். எட்டு மணி நேரம் பறக்கும் போக்குவரத்து விமானத்தில் அதே 18 நிமிடம் கண்ணுக்கே தெரியாது.

சில விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது சார்ட்டிக்கு 0.2 அல்லது 0.3 மணி சேர்த்துக்கொள்ள இடம் தருகின்றன. அது அந்த நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்துக்கு மட்டும் உரியது. உரிம ஆணையத்துக்குக் கொடுக்கும் எண்ணில் அதைக் கலந்தால், ஒரே மனிதருக்கு இரண்டு மொத்தம் ஊரில் உலாவும். நேர்முகத்தில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே உங்கள் பதிவுத் தாளில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள்: விமானம் நகர்ந்த நேரம், நின்ற நேரம். இரண்டும் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கட்டும். நள்ளிரவைத் தாண்டும் பறப்பில் தேதி குழம்பாது. பழைய கட்டங்களை அழிக்க வேண்டாம், அவை உங்கள் கணக்குக்குத் தேவை.

மணியைப் புள்ளியில் எழுதுகிறீர்களா, நிமிடத்தில் எழுதுகிறீர்களா என்பதைப் பக்கத்தின் தலைப்பிலேயே குறியுங்கள். 1.20 என்பது தசமமானால் 1 மணி 12 நிமிடம். நிமிடமாகப் படித்தால் 1 மணி 20 நிமிடம். சார்ட்டிக்கு 8 நிமிடம் தவறினால் 800 சார்ட்டியில் 106 மணிக்கு மேல் போய்விடும்.

இனி, லாக் புக்கில் தலைமை விமானி என்று தலைப்பிட்ட பத்தி. சண்டை வருவது இங்கேதான். பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் இணைப்பு (உரிம விதிகளைச் சொல்லும் Annex 1), விமானங்களுக்கான ஏடிபிஎல் என்ற உயர்நிலைப் பயணிகள் விமான உரிமத்துக்கு 1,500 மணி கேட்கிறது. அதில் 250 மணி தலைமை விமானியாக இருப்பது ஒரு வழி. அல்லது குறைந்தது 70 மணி தலைமை விமானியாகவும், மீதி மேற்பார்வையின் கீழ் தலைமை விமானியாகவும் இருக்கலாம். அதாவது 180 மணி வரை மேற்பார்வைக் கணக்கில் வரலாம். ஆனால் மேற்பார்த்த கேப்டன் கையெழுத்துப் போடாத பறப்பைப் பெரும்பாலும் அப்படி ஏற்கமாட்டார்கள், அது வெறும் கோ-பைலட் நேரமாகிவிடும். அந்தக் கேப்டன் எங்கோ மாற்றலாகிப் போன பிறகு அவரைத் தேடி அலைவதைவிட, தாளில் ஒரு கையெழுத்துக் கட்டம் போடுவது எளிது.

இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் கட்டுப்பாட்டைக் கையில் பிடித்தவர் வேறு, விமானத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர் வேறு. பறப்பு அனுமதித் தாளில் யார் பெயர் தலைமை என்று இருக்கிறதோ அவருக்கே அந்த மணி. பயிற்றுநரும் பயிலுபவரும் ஒரே பறப்பைத் தலைமை என்று எழுதிக்கொண்ட லாக் புக்குகள் ஏராளம். நீண்ட பறப்பில் மூன்றாவது பைலட் படுத்துறங்கிய நேரமும் சிலருடைய பத்தியில் ஏறிவிடுகிறது. 12 மணிப் பறப்பில் அவர் இருக்கையில் 8 மணி இருந்தால் 8 மட்டும் எழுதுங்கள்.

ஒருவரே ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானத்தில், அரசு விதி கேட்பதால் இரண்டாவது பைலட் ஏறினால், அவருடைய நேரத்தில் பாதிக்கு மேல் உயர்நிலை உரிமத்துக்கு எண்ண முடியாது. ஆகவே விமானக் கையேட்டில் குறைந்தபட்சக் குழு எத்தனை என்று சொல்லும் பக்கத்தின் நகலை அவர் விடைபெறும்போது கொடுத்தனுப்புங்கள். ஆயுத அமைப்பு அதிகாரி, வழிகாட்டி அதிகாரி ஆகியோரின் இருக்கை நேரம் எந்தப் பத்தியிலும் விமானி நேரமாகாது.

அதே முதல் இணைப்பின்படி நெடுவழிப் பறப்பு 200 மணி வேண்டும். போர் விமானம் கிளம்பிய தளத்திலேயே திரும்பி இறங்குவதால் பதிவறை அதை ‘உள்ளூர்’ என்று எழுதிவிடுகிறது. நாட்டுக்கு நாடு வரையறை மாறும். அமெரிக்காவில் ஏடிபி சான்றுக்கு (ஏடிபிஎல் உரிமத்துக்கு அங்குள்ள பெயர்), கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு அப்பால் சென்றிருந்தால் போதும், அங்கே இறங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய விதி, முன்பே வகுத்த பாதையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதைப் பார்க்கிறது. எந்த விதிக்கும் பயன்படும்படி, சென்ற மிகத் தொலைவான புள்ளியையும் வழியையும் எழுதிவையுங்கள். இடத்தை வெளியிட முடியாத பணியானால் தூரத்தை மட்டுமாவது எழுதுங்கள்.

கருவி வழிப் பறப்பு 75 மணி. இதில் தரையிலுள்ள பயிற்சி இயந்திரத்தில் ஓட்டிய நேரம் 30 மணிக்கு மேல் ஏறக்கூடாது. வெளிப்புறத்தைப் பாராமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரம்தான் கணக்கு. அணியாகப் பறக்கையில், மேகத்துக்குள் அணித் தலைவனின் இறக்கையை ஒட்டிப் பறக்கும் துணை விமானியான விங்மேனின் கண் கருவிமேல் இல்லை, தலைவனின் விமானத்தின்மேல் இருக்கிறது. அந்த அரைமணியைக் கருவிப் பத்தியில் போட்டுவிடாதீர்கள். இரவு 100 மணி: சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணாமல், மாலை மங்கல் முடிந்ததிலிருந்து எண்ணுங்கள்.

சிமுலேட்டர் நேரத்தைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். 1,500-இல் அதற்கு இடம் அதிகபட்சம் 100 மணி.

சில நாடுகள் படை விமானிக்குச் சலுகை தருகின்றன. அமெரிக்காவில் அந்நாட்டுப் படை விமானிகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஏடிபி 750 மணியிலேயே கிடைக்கிறது, நெடுவழிப் பறப்பும் 500-இலிருந்து 200 மணியாகக் குறைகிறது. இரவு 100, கருவி 75, தலைமை 250 மட்டும் அப்படியே நிற்கின்றன. மொத்தம் 1,100 மணி வைத்திருந்தும் இரவுப் பத்தியில் 70 இருந்தால் அவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எஞ்சின் விவரத்தையும் விடாதீர்கள். ஒற்றை எஞ்சின் போர் விமானத்தில் எத்தனை ஆயிரம் மணி இருந்தாலும் பல எஞ்சின் தகுதி தானாக வராது. இரண்டு எஞ்சின் இருந்தும் அவை உடலோடு ஒட்டி அமைந்த டி-38 பயிற்சி ஜெட் போன்றவற்றில் ஒரு எஞ்சின் நின்றால் மூக்கு பெரிதாகப் பக்கம் திரும்புவதில்லை. அதனால் அதில் மட்டும் பழகியவருக்கு அமெரிக்காவில் மையக்கோட்டு உந்துவிசை என்ற வரம்போடுதான் தகுதி தருகிறார்கள். விமான வகை, எஞ்சின் எண்ணிக்கை, வானேறும்போது அனுமதிக்கப்படும் அதிகபட்ச மொத்த எடை ஆகியவற்றை ஒரு பக்க இணைப்பாக எழுதுங்கள். 5,700 கிலோவுக்கு மேலா கீழா என்பது பல படிவங்களில் கேட்கப்படும்.

கடைசியாக, விடுவிப்புச் சான்று. விமானி போவதற்கு ஆறு மாதம் முன்பே லாக் புக்கையும் படையின் மூலப் பதிவையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். வகைவாரியாக மொத்தம், ஒவ்வொரு பத்தியின் மொத்தம், எந்தத் தேதி வரை, எந்த வரையறையில் எண்ணியது என்ற ஒரு வரி, கட்டளை அதிகாரியின் பெயர், பதவி, முத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். உரிம அலுவலகம் சரிபார்க்க நினைத்தால் எழுத வேண்டிய அலுவலக முகவரியையும் சேருங்கள். ஆளின் முகவரி வேண்டாம், பதவியின் முகவரி வேண்டும். ஆள் மாறிவிடுவார்.

இப்படிக்கு,
பறப்புப் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இருப்பவர்கள்