கோல்ஃப் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்காட்ஸ்டேல் பயணமும் பிறவும்

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செயற்குழு 4 முறை கூடியது. மாதப் போட்டிகள், மழையால் தள்ளிப்போன ஒன்றைத் தவிர, ஒழுங்காக நடந்தன. புதியவர்களுக்கான புட்டிங் (பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும்) பயிற்சிக்கு 2 பேர் வந்தார்கள்.

இனி ஸ்காட்ஸ்டேல். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் கோல்ஃப் ஆட வேண்டும், சாயங்காலம் நல்ல சாப்பாடு, அப்புறம் கொஞ்சம் கலகலப்பு வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் கை தூக்கியவர்கள் 16 பேர். ஜூனில் முன்பணம் கேட்டபோது அந்தக் கைகளில் பாதி கீழே இறங்கிவிட்டன.

நான் சொன்னது நவம்பர். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அங்கே கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானிலை அருமை, கட்டணம்தான் உச்சம். பிப்ரவரித் தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டிக் கூட்டம். அது முடிந்தால் 15 பேஸ்பால் அணிகள் பயிற்சிக்கு வந்து இறங்கும், ஓட்டல் அறை கிடைப்பதே பாடு. நவம்பரில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் செப்டம்பர் பாதி வரை பணம் கட்டியவர்கள் 7 பேர். அதற்குள் நவம்பரின் நல்ல டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கப் பதிவு செய்யும் நேரம், எல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் ஒரு நண்பர், “அக்டோபரில் மலிவாக இருக்கிறதே” என்றார். ஏன் மலிவு என்று நான் விளக்கினேன். அங்கே மைதானத்தில் இருக்கும் பெர்முடா புல் குளிரில் பழுப்பாகிவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் அதை ஒட்ட வெட்டி, குளிரிலும் பச்சையாக இருக்கும் ரை புல் விதைப்பார்கள். அதற்கு மைதானத்தைச் சில வாரம் மூடுவார்கள். திறந்த பிறகும் கொஞ்ச நாள் கார்ட் (நம்மை ஏற்றிச் செல்லும் சிறு வண்டி) பாதையை விட்டு இறங்கக் கூடாது. இதை எழுதி அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. பெரும்பான்மை அக்டோபர் என்றது. யோசனை சொன்ன நண்பர் வரவில்லை.

போனவர்கள் 8 பேர். நினைத்திருந்த மைதானங்களில் ஒன்று மூடியிருந்தது. திறந்திருந்த இன்னொன்றில் கார்ட் பாதையோடு நின்றது. பாதையிலிருந்து பந்து வரை நடந்து, கையில் எடுத்துப்போன 2 மட்டையும் சரியில்லை என்று தெரிந்து, திரும்பி வந்து மூன்றாவதை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்க வேண்டும். 12-வது குழியை எட்டுவதற்குள் எல்லோருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. பழி என் மேல்.

பயணத்துக்குக் கொண்டுவர வேண்டிய பொருள் பட்டியலில் “சீப்பு ஒன்று” என்று எழுதியதற்குச் சிரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பகுதியில் 18 குழி மைதானத்துக்குச் சுமார் 90 ஏக்கர்தான் புல் என்று தண்ணீர்ச் சிக்கனத்துக்காக வரம்பு வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் கல்லும் கள்ளியும். அங்கே சோயா என்று ஒன்று உண்டு. பருப்பு அல்ல, கள்ளி. லேசாக உரசினால் போதும், முள் உருண்டையே கழன்று ஒட்டிக்கொள்ளும். பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடம். அந்த 3 நிமிடத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கெண்டைக்காலில் எலுமிச்சை அளவு உருண்டையோடு நொண்டி வந்தார். விரலால் பிடுங்கப் போனவரைத் தடுத்து, சீப்பை அடியில் கொடுத்து ஒரே நெம்பில் தட்டிவிட்டேன். “முடியே இல்லாதவனுக்குச் சீப்பு எதற்கு” என்று கேட்டவர் அவர்தான். புதருக்குள் கை விடாதீர்கள், பாம்பு இருக்கும் என்று சொன்னதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

வடக்கே மைதானத்தை ஒட்டித் தங்காமல் நகரின் பழைய பகுதியான ஓல்டு டவுனில் ஏன் அறை போட்டாய் என்று இன்றும் கேட்கிறார்கள். சாப்பாட்டுக் கடை, மதுக்கூடம், வியாழக்கிழமை மாலை திறந்திருக்கும் ஓவியக்கூடங்கள் எல்லாம் அங்கே நடை தூரம். காலையில் அரை மணி கார் ஓட்டுவது பெரிதல்ல. இரவில் குடித்துவிட்டு ஓட்டுவதுதான் பெரிது. அரிசோனாவில் முதல் தடவை குற்றம் உறுதியானாலே சிறை. மதுக்கூடங்கள் அதிகாலை 2 மணி வரை ஊற்றுகின்றன என்பதால், கூத்துக்கு மறுநாள் டீ டைமைப் பகல் 11 மணிக்கு வைத்தேன். இதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. 8 பேருக்கு மேசை பதிவு செய்த இரவில் 5 பேர்தான் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். பயணக் கணக்கில் சிறு துண்டு விழுந்தது. தற்போதைக்கு நான் சரிக்கட்டியிருக்கிறேன். விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா பாக்கி 11 பேர். பெயரை வாசிக்க மாட்டேன், பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், தேநீர் ஏற்பாடு செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நவம்பர் நடுவில் மறுபடி போகலாம். வீ-கோ-பா மைதானம் ஃபோர்ட் மெக்டவல் யவபாய் பழங்குடியினருடையது, சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. ட்ரூன் நார்த்தின் மான்யுமென்ட் மைதானத்தில் 3-வது குழியின் நடுவே வீடு போல ஒரு பாறை நிற்கும். இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். ஏற்பாட்டை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 3 ஆண்டாக இதையேதான் சொல்கிறேன். இல்லையென்றால் முன்பணம் ஜூன் 30-க்குள் வர வேண்டும். சீப்பு அவரவர் கொண்டு வரவும். என்னுடையது இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்