அண்ணன் சட்டையின் மாலை வாசனை

அன்புள்ள விமலா,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய நகல் சென்ட் எண்ணெய்க் குட்டி பாட்டிலும் வந்து சேர்ந்தன. மூடி லேசாகக் கசிந்து இரண்டாம் பக்கம் முழுக்க எண்ணெய் படிந்திருந்தது. அதனால் நீ எழுதியதைப் படிப்பதற்கு முன்பே முகர்ந்துவிட்டேன். "அண்ணன் போடும் சென்ட் மாதிரியே இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று இல்லை. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?" என்று கேட்டிருக்கிறாய். உனக்கு மட்டும் இல்லை. ஒரு வாரம் தினமும் மணிக்கட்டில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் போட்டது ஓ சாவாஜ். 1966இல் தியோர் நிறுவனத்துக்காக எத்மோன் ரூட்னிட்ஸ்கா என்ற சென்ட் கலைஞர் செய்தது. முன்னால் எலுமிச்சையும் அதன் இனத்துப் பழமான பெர்கமோட்டும் நிற்கும். பின்னாலிருந்து அவற்றைத் தாங்குவது ஹெடியோன். மல்லிகையை ஆராய்ந்தபோது கிடைத்த சேர்மம் அது. மல்லிகையின் கனம் இல்லாமல் காற்றும் வெளிச்சமும் போல இருக்கும். அண்ணன் காலையில் கிளம்பிப் போன பிறகும் உங்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் அந்த எலுமிச்சை நிற்குமே, எனக்கு அண்ணன் என்றாலே அதுதான்.

இந்த எண்ணெயில் இல்லாதது அந்தக் காலைதான். எலுமிச்சையைக் குறைத்துப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதே. ஸ்ப்ரே சென்ட்டில் பெரும்பங்கு ஆல்கஹால். தோலில் பட்டதும் அது பறந்துவிடும், போகும்போது லேசான வாசனைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். அதனால்தான் அறை முழுக்க ஒரே வீச்சில் பரவுகிறது. எண்ணெய்க்கு அந்த அவசரம் கிடையாது. உள்ளே இருப்பதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். எலுமிச்சை இருக்கிறது, ஆனால் எழும்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்தால் கதையே வேறு. அப்போது எனக்குமே ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. நீ உன் கடிதத்தில் எழுதியிருப்பதும் சாயங்காலம்தானே: அண்ணன் வேலையிலிருந்து வந்து கழற்றிப்போட்ட சட்டை, அதன் காலர். அந்த வாசனை இந்த எண்ணெயில் இருக்கிறது, விமலா. ஏறக்குறைய முழுசாகவே இருக்கிறது.

எப்படி இவ்வளவு நெருக்கமாக வர முடிகிறது என்று கேட்டிருந்தாய். கேஸ் குரோமட்டோகிராபி என்று ஒரு கருவி இருக்கிறது. தலைமுடி போல மெல்லிய, பல மீட்டர் நீளக் குழாய் வழியாக வாசனையைச் சூடாக்கி அனுப்புவார்கள். ஒவ்வொரு சேர்மமும் தனக்கான நேரத்தில் வெளியே வரும். வந்ததை இன்னொரு கருவி உடைத்து, எடை பார்த்து, இன்னதென்று சொல்லிவிடும். கிட்டத்தட்ட பொருள் பட்டியலே கைக்கு வந்த மாதிரி. ஆனால் பட்டியலை வைத்து மட்டும் சென்ட் செய்துவிட முடியாது. ரோஜா எண்ணெயில் டமாசினோன் என்ற சேர்மம் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். ஆனால் 'இது ரோஜா' என்று மூக்கு அறிவதில் அதற்குப் பெரிய பங்கு. அளவில் சிறியதை விட்டுவிட்டால் உயிரே போய்விடும். நல்ல நகல் செய்கிறவர் கருவியை மூடி வைத்துவிட்டு மூக்கால் மிச்சத்தைத் தேடுகிறார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. மரப்பட்டையில் படரும் ஓக்மாஸ் அந்தக் காலத்து ஆண்கள் சென்ட் பலவற்றில் அடிவாசனை, ஓ சாவாஜிலும் அது உண்டு. அதில் இருக்கும் அட்ரானோல் தோல் ஒவ்வாமை தருகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அது உள்ள பொருளை அங்கே விற்கக் கூடாது. இப்படிப் பழைய சென்ட்டுகள் பலவற்றின் கலவை காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நகல் எடுப்பவர்கள் பெரும்பாலும் இன்றைக்குக் கடையில் இருக்கும் பாட்டிலிலிருந்துதான் எடுப்பார்கள். அண்ணன் வைத்திருந்தது முப்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டில்.

இது திருட்டு ஆகாதா என்று உன் மகன் கேட்டானாமே. நல்ல கேள்வி. நீதிமன்றங்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2006 ஜூன் மாதம் பிரான்சின் உச்ச நீதிமன்றம் வாசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. மூன்றே நாளில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லான்கோம் நிறுவனத்தின் த்ரேசோர் என்ற சென்ட் பற்றிய வழக்கில் உண்டு என்றது. என்னைக் கேட்டால், ஒரு வாசனையைப் பார்த்து இன்னொருவர் முயன்று செய்வது தப்பில்லை. அசல் பெயரையும் பெட்டியையும் அச்சடித்து அசல் என்றே விற்பதுதான் தப்பு. நீ வாங்கியதில் 'இதைத் தழுவியது' என்று நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

ஆனால் ஒன்று, கழுத்தில் தடவாதே. நான் வேறொரு இடத்தில் வாங்கிய இதே மாதிரி எண்ணெய் ஒன்றை வருஷக்கணக்கில் ஜன்னலோரம் வைத்திருந்து, போன கோடையில் தடவினேன். நான்கு நாள் கழுத்து சிவந்து எரிந்தது. வெயிலும் காற்றும் பட்டால் எலுமிச்சை வாசனைப் பொருளான லிமோனீன் கெட்டு, தோலுக்கு ஆகாததாக மாறிவிடும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அந்த பாட்டிலில் ஒரு வரிகூட இல்லை. அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் அப்புறம் போடு.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் இன்னும் பயம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

அண்ணனுடைய கடைசி பாட்டிலை எடுத்து வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னாய். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் வெளிச்சம் படாத இடத்தில் வை, அடிக்கடி திறக்காதே. டிசம்பரில் வரும்போது கொண்டு வா. ஒரு காகிதத்தில் அது ஒரு துளி, இன்னொன்றில் இந்த எண்ணெய் ஒரு துளி. காலையில் ஆரம்பித்து இருட்டும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து முகர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் கீதா