தளைநாரும் உன் கயிறும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். இது அப்படிப் பாதியில் விடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

சிங்கப்பூரில் கிளை வெட்டுகிற வேலையில், தூங்குமூஞ்சி மரத்தில் நீ நிற்கிற படத்தை அம்மா தெருவெல்லாம் காட்டிவிட்டாள். ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக, கையில் செயின்சாவோடு உன்னைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு அந்தப் படத்தை நான் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

போன மாதம் நீ காட்டித் தந்தாயே, மரத்தில் கயிறு வழியாக ஏறி இறங்கப் போடுகிற பிளேக் முடிச்சு, அதை நம் வீட்டு உத்தரத்தில் நைலான் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தேன். நாலு சுற்று சுற்றி, நுனியைக் கொண்டுவந்து கீழ் இரண்டு சுற்றுக்குள் விட்டு, அது உருவிக்கொண்டு வராதபடி நுனியில் ஒரு முடிச்சு. உட்கார்ந்தால் இறுகிக்கொள்கிறது, மேலே கை வைத்து அழுத்தினால் மெல்ல இறங்குகிறது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் பனை ஏறினவன், தரைக்கு மேலே இரண்டு கையையும் விட்டது அன்றைக்குத்தான்.

நம் தளைநார் காலைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது. மட்டையில் நார் உரித்து முறுக்கி, இரண்டு பாதத்தையும் சேர்த்துப் போட்டால் மரத்தில் பிடிமானம் கிடைக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கையும் நெஞ்சும். ஒரு நாளைக்கு முப்பது மரம், காலையிலும் சாயங்காலமும். தேரிக்காட்டில் ஆடிக்காற்று அடிக்கும்போது மரம் ஆடுகிற ஆட்டத்துக்கு நாமும் ஆடிக்கொண்டே பாளை சீவ வேண்டும். நீ பாலர் வகுப்பில் இருந்தபோது நான் விழுந்தது உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். முந்தின நாள் காய்ந்து கிடந்த நாரை நனைக்காமல் அவசரத்தில் மாட்டிக்கொண்டு ஏறினேன். இறங்கும்போது அறுந்தது. நல்லவேளை, இரண்டு ஆள் உயரம்தான் மிச்சம் இருந்தது. காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. பிடிக்க இன்னொரு கயிறு இல்லை.

இப்போது நீ அங்கே ஏறிக்கொண்டிருந்த பழைய கயிற்று முறையை விட்டு ஒற்றைக் கயிற்று முறைக்கு மாறுகிறேன் என்கிறாய். மாறு. கிளைக்கு மேலே போட்டு இழுக்கிற பழைய முறையில் ஒரு முழம் ஏற இரண்டு முழம் கயிறு இழுக்க வேண்டும் என்று நீயே சொன்னாய். உயரமான மரத்தில் நாள் முழுக்க அப்படி இழுத்தால் தோள் என்ன ஆகும் என்று என் தோளைக் கேட்டால் தெரியும். புதிய முறையில் காலில் மாட்டுகிற கருவியோடு படிக்கட்டு ஏறுகிற மாதிரி ஏறிவிடலாம். கயிறும் கிளைமேல் ஓடி ஓடிப் பட்டையைத் தேய்க்காது. நல்லதுதான்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய முறையில் உன் எடை 70 கிலோ என்றால் கிளை தாங்குவதும் ஏறக்குறைய அந்த 70 கிலோதான். ஒற்றைக் கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிட்டால், நீ ஒரு பக்கம் இழுக்க, அடிமரம் மறுபக்கம் அதே அளவுக்கு இழுக்கும். கிளைமேல் கிட்டத்தட்ட 140 கிலோ விழும். கிளையோ எங்கோ உயரத்தில் இருக்கிறது. நீ தரையில் நின்று எறிகயிறு வீசிப் பிடித்த கவை. அங்கே கவைக்குக் கவை பெரணி மண்டிக் கிடக்கும் என்றாயே, அதற்கடியில் பொந்து இருந்தால் கீழேயிருந்து தெரியுமா? மழை பெய்த மறுநாள் அந்தக் கிளை ஏற்கெனவே தண்ணீர்ப் பாரத்தில் இருக்கும். ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேராகக் கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பாருங்கள். அடிமரத்தில் கட்டின இடத்துக்குப் பக்கத்தில் யாரும் செயின்சாவை ஓட்டக்கூடாது என்று கீழே நிற்பவர்களிடம் தினமும் சொல். அந்தக் கயிற்றில்தான் நீ இருக்கிறாய்.

நான் பனையைத் தொட்டுத் தட்டிப் பார்த்துத்தான் ஏறுவேன். தட்டுகிற சத்தத்திலேயே தெரியும். அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள். தளைநாரை இங்கேயே விட்டுவிடு, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது அந்தப் படம். செயின்சா உன் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது, மரத்தூள் பறப்பது தெரிகிறது. மேலே போகிற கயிறு ஒன்று சரியாக இருக்கிறது. இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போடுகிற குட்டைக் கயிறு சுருட்டினபடி உன் இடது இடுப்பில் தொங்குகிறது. ரம்பம் ஓடும்போது இரண்டிலும் மாட்டியிருக்க வேண்டும், ஒன்றை ரம்பம் அறுத்தாலும் இன்னொன்று பிடிக்கும் என்று பயிற்சி முடித்து வந்த அன்றைக்கு எனக்குச் சொன்னது நீதானே?

கையைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்ததா, அவசரப்படுத்தினார்களா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் எழுது. கோபப்பட மாட்டேன்.

ஊருக்கு வந்திருக்கிற உன் கூட்டாளி அடுத்த வாரம் திரும்புகிறான். இந்த வருஷத்துக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்து விடுகிறேன். அடுத்த படம் எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.

உன் அப்பா