சூப்பர் லீக் மறுபடி வருமா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் கிளப்புகள் தங்களுக்கென்று தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் போட்டியைப் பற்றி, "நீதிமன்றமே சரின்னு சொல்லிடுச்சே, அப்புறம் ஏன்ப்பா இன்னும் எதிர்க்கிறீங்க?" என்று கேட்டிருந்தாய். தீர்ப்பைப் பாதிதான் வாசித்திருக்கிறாய். 2023 டிசம்பர் 21 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தப்பென்று சொன்னது, ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபாவும் உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவும் வெளிப்படையான அளவுகோல் வைக்காமல் புதுப் போட்டிகளுக்குத் தடை போடுவதைத்தான். சூப்பர் லீக்குக்கு அனுமதி கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

2021 ஏப்ரல் 18 அன்று 12 கிளப்புகள் அறிவித்த திட்டத்தைப் பார். மொத்தம் 20 அணிகள். அதில் 15 நிரந்தரம். எத்தனை ஆட்டம் தோற்றாலும் வெளியே போகமாட்டார்கள். மிச்சமுள்ள 5 இடத்துக்குத்தான் ஐரோப்பா முழுக்க முட்டி மோத வேண்டும். அன்றைக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டியலில் லெஸ்டர் மூன்றாவது, உன் ஆர்சனல் ஒன்பதாவது. ஆர்சனலுக்கு நிரந்தர இடம், லெஸ்டருக்கு இல்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான் கண்ணு.

அந்தப் பெரிய கிளப்புகளின் பணக் கஷ்டம் பொய்யல்ல. யூஃபா நடத்தும் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறாத வருஷம் வரவில் பெரிய துண்டு விழும். வீரர்களின் சம்பள ஒப்பந்தமோ அப்படியே நிற்கும். கொரோனாவில் டிக்கெட் காசும் போயிற்று. பார்சிலோனாவின் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில், தொடங்குகிற கிளப்புகளுக்கு 350 கோடி யூரோ என்று ஜேபி மார்கன் வங்கிப் பணத்தைக் காட்டினார்கள்.

உறுப்பினர்களாகச் சேர்ந்த ரசிகர்களுக்குச் சொந்தமான கிளப் இதில் சேராது என்று பலர் எழுதுகிறார்கள். ஜெர்மனிக்கு அது பொருந்தும்: 50+1 விதிப்படி ஓட்டில் பெரும்பான்மை உறுப்பினர் கையில், பேயர்னும் டோர்ட்மண்டும் ஒதுங்கிக்கொண்டன. ஆனால் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுடையவைதான். மற்றவர்கள் கழன்ற பிறகும் வருஷக்கணக்கில் பிடித்து நின்றவை அவைதான். முதலாளிகள் கையிலிருந்த ஆறு இங்கிலாந்து கிளப்புகள் இரண்டே நாளில் பின்வாங்கின. செல்சி மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் அணியின் பேருந்தையே மறித்தார்கள். செல்சியின் பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் கூட்டத்துக்குள் வந்து வழிவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

இப்போது இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டுக் கால்பந்து நிர்வாகச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த ஒழுங்குமுறை அமைப்பு தடைசெய்யும் போட்டியில் உரிமம் பெற்ற கிளப் ஆட முடியாது. அதனால் பழைய வடிவில் வருவது கடினம்.

என் கவலை பின்வாசல்தான். 36 அணி சாம்பியன்ஸ் லீக்கை வடிவமைத்தபோது யூஃபாவே ஒரு வழி வைத்திருந்தது: உள்நாட்டு லீக்கில் சறுக்கினாலும், பழைய ஐரோப்பியப் புள்ளிகளைக் காட்டி இரண்டு அணிகள் உள்ளே வரலாம். எதிர்ப்புக்குப் பின் 2022 மே மாதம் அதைக் கைவிட்டு, முந்தைய சீசனில் ஐரோப்பாவில் நன்றாக ஆடிய இரண்டு நாடுகளுக்கு அந்த இடங்களைக் கொடுத்தது.

அடுத்த திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் பரிசுத் தொகையை முதலில் பார்க்காதே. யார் வெளியேறுவார்கள், எந்த வருஷத்துப் பட்டியலை வைத்து உள்ளே எடுப்பார்கள் என்ற பத்தியைத் தேடு. கிடைத்தால் அந்தப் பக்கத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா