எடையை வண்டியிலிருந்து எடுத்து மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகளில் நியூட்டனின் இரண்டாம் விதிக்கான (விசை = நிறை × முடுக்கம்) வண்டிச் சோதனையில், கப்பி வழியே நூலில் தொங்கும் எடைத்தட்டு பலகை மேலுள்ள வண்டியை இழுக்கும். அதில் கணக்கு உதைக்க முக்கியக் காரணம், தொங்கும் தட்டில் வெளியிலிருந்து எடை சேர்ப்பதுதான். நிறை மாறாமல் விசை மட்டும் கூட வேண்டிய இடத்தில், விசையோடு மொத்த நிறையும் கூடிவிடும். வண்டியில் ஏற்றிய 10 கிராம் எடைகளையே ஒவ்வொன்றாகத் தட்டுக்கு மாற்ற வேண்டும்.

வண்டி 500 கிராம், தட்டு 50 கிராம் என்றால் முடுக்கம் சுமார் 0.89 மீ/வி², 1 மீட்டர் கடக்க 1.5 வினாடி. இவ்வளவு குறைந்த நேரத்தில் ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரலே 0.2 வினாடியைத் தின்றுவிடும். செல்போனில் வீடியோ எடுத்துப் பார்ப்பதே மேல்.

உராய்வை ஈடுகட்ட, தட்டைக் கழற்றிவிட்டு, லேசாகத் தள்ளிய வண்டி சீரான வேகத்தில் ஓடும்வரை பலகையின் பின்முனையை உயர்த்துங்கள். நூல் பலகைக்கு இணையாக இருக்கட்டும். திருப்பூர் பனியன் நூல் வேண்டாம், இழுபடும். கப்பிக்கு, கோவைப் பட்டறைகளில் கழித்த பால் பேரிங் போதும். கிரீஸை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள்.

– இயற்பியல் ஆசிரியர்கள், ஈரோடு