18 அங்குலம் போதும், கண்ணு

அன்புள்ள கயலுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். புது வீட்டுக்குக் கமாடோ, அதாவது அந்த முட்டை வடிவச் செராமிக் கரி அடுப்பு, வாங்குவதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மிச்சிகன் குளிருக்கு ஏற்றதுதான். வெளியே பனி கிடந்தாலும் அந்தத் தடித்த செராமிக் சுவர் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது. நீ 24 அங்குலம் என்கிறாய், மாப்பிள்ளை இரண்டு பேருக்கு 13 அங்குலமே போதும் என்கிறார். இரண்டும் வேண்டாம், 18 வாங்குங்கள்.

பெயரைப் பார்த்து அளவை முடிவு செய்யாதே. பிக் கிரீன் எக் கம்பெனியில் 'லார்ஜ்' என்பது 18 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கமாடோ ஜோ கம்பெனியில் 18 அங்குலத்துக்கு 'கிளாசிக்' என்று பெயர். கடையில் கம்பித்தட்டின் குறுக்களவு எத்தனை அங்குலம் என்று மட்டும் கேள். 18-க்கும் 24-க்கும் ஆறு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். வட்டம் ஆயிற்றே, பரப்பு முக்கால் பங்கு கூடிவிடும். அதே கணக்கில் 13-ஐ விட 18-ல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம்.

டிசம்பரில் எல்லோரும் வருவோம் என்பதற்காகத்தான் நீ பெரியதைக் கேட்கிறாய், தெரியும். வருஷத்தில் அது ஒரு வாரம். மற்ற நாளெல்லாம் நீங்கள் இரண்டு பேர் நாலு கோழிக்காலும் இரண்டு கத்திரிக்காயும் சுடப் போகிறீர்கள். கொஞ்சமாகச் சமைத்தாலும் பெரிய அடுப்பின் சுவர் முழுக்கச் சூடாகியாக வேண்டும். நேரமும் போகும், கரியும் போகும். வேலை முடிந்ததும் மேல் கீழ் இரண்டு காற்றுவழியையும் மூடினால் தீ அணைந்து மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் சுவர் குடித்த சூடு திரும்பி வராது. கூட்டம் வந்தால் இரண்டு ஈடாகச் சுட்டால் ஆயிற்று. இல்லாவிட்டால் மேலே இரண்டாவது தட்டு வைக்க ஒரு ஸ்டாண்ட் கிடைக்கும். நன்றிநாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) 20 பவுண்டு வான்கோழி 18 அங்குலத்துக்குள் தாராளமாக உட்காரும்.

மாப்பிள்ளை சொல்கிற 13-ல் சிக்கல் வேறு. மசாலா தடவிய கோழியை நேர்த்தீயில் வைத்தால் தோல் கருகும், எலும்போரம் வேகாது. அதனால் தீக்கும் கோழிக்கும் நடுவில் ஒரு செராமிக் தட்டு வைப்போம். 18-ல் அதை அரைவட்டமாக ஒரு பாதிக்கு மட்டும் போடலாம்: தட்டு இருக்கிற பக்கம் கோழி நிதானமாக வேகும், திறந்த பக்கத்தில் கத்திரிக்காய் நேர்த்தீயில் தோல் வெடித்துக் கருகும், கடைசி ஐந்து நிமிடம் கோழியை அந்தப் பக்கம் தள்ளித் தோலை மொறுமொறுப்பாக்கிக்கொள்ளலாம். 13-ல் பாதி என்று பிரித்தால் ஒரு கை அகலம்கூட மிஞ்சாது. நீளமான தந்தூரிக் கம்பியை வைத்தால் மூடி மூடாது. தனியாக இருக்கிறவர்களுக்கு, காரில் தூக்கிப்போகிறவர்களுக்கு அது சரி.

கடைக்குப் போகும் முன் செய்தித்தாளில் 18 அங்குல வட்டம் வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் போட்டு, வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை சமைப்பதை அதன் மேல் பரப்பிப் பார். மாப்பிள்ளைக்கு என் பேச்சைவிட அது சீக்கிரம் புரியும்.

எடையை மறந்துவிடாதே. 18 அங்குலமே எழுபது கிலோவுக்கு மேல். 24 என்றால் கிட்டத்தட்ட நூறு கிலோ. நீங்கள் இன்னும் ஒரு தடவையாவது வீடு மாறுவீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நகர்த்தும்போது உள்ளே இருக்கும் கரிக் கிண்ணம், வளையம், தட்டு எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு அடியில் கை கொடுத்துத் தூக்கவேண்டும். கீழே விழுந்தால் செராமிக் விரிசல் விட்டுவிடும்.

உங்கள் வீடு மற்ற வீடுகளோடு ஒட்டியிருக்கிறதே, பணம் கட்டும் முன் குடியிருப்பு அசோசியேஷனில் கேட்டுவிடு. அடுக்குமாடியிலும் தொடர் வீடுகளிலும் மரச்சுவரிலிருந்து பத்தடிக்குள் கரி அடுப்பு கூடாது என்று பல ஊர்களில் விதி உண்டு. அனுமதி இல்லையென்றால் அளவைப் பற்றிய பேச்சே வீண்.

திரவம் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள், செராமிக் அந்த நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நல்ல சூட்டில் மூடியைப் படக்கென்று தூக்காதே. ஓரிரு அங்குலம் திறந்து, காற்று உள்ளே போக விட்டு, அப்புறம் தூக்கு. மாப்பிள்ளையிடமும் சொல், அவர் அவசரக்காரர்.

அடுப்பு வைக்கப்போகிற டெக்கின் (வீட்டை ஒட்டிய திறந்த மேடை) நீள அகலத்தையும், அங்கே போகிற கதவின் அகலத்தையும் அளந்து இந்த வாரமே அனுப்பு. அடுப்பை ஸ்டாண்டோடு வாங்குவதா மேஜையோடு வாங்குவதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அம்மா கத்திரிக்காய் கொத்சுக்குப் புளி எவ்வளவு என்று தனியாக எழுதுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா