தான்சானியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் நம்மவர்களுக்கு

அன்புள்ள ஆசிரிய நண்பர்களே,

தான்சானியாவின் அரசுப் பள்ளியில் 7 ஆண்டுகள் சுவாஹிலி வழியில் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்கு வந்ததும் ஏறக்குறைய எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதன் நோட்டில் 'எ', 'தி' (a, the) என்ற ஆர்ட்டிகிள்கள் விடுபட்ட இடமெல்லாம் நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம். சுழியுங்கள். ஆனால் கூடவே, "உங்கள் மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் உங்களுக்கு வரவில்லை" என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுகிறோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். நம் மொழியில் மட்டும் இருக்கிறதா என்ன?

என் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: 'ஐ பாட் கோட். கோட் வாஸ் சிக்.' இதையே சுவாஹிலியில் சொல்லச் சொன்னேன். 'நிலினுனுவா ம்புஸி ம்மோஜா. யூலே ம்புஸி அலிகுவா ம்கோன்ஜ்வா' என்றாள். 'ம்மோஜா' என்றால் ஒன்று. 'யூலே' என்றால் அந்த. ஓர் ஆடு வாங்கினேன், அந்த ஆட்டுக்கு நோய். நாமும் இப்படித்தான் கதை சொல்கிறோம். 'யூலே' பெயருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் தொலைவில் நிற்கும் ஆட்டைக் காட்டும். முன்னால் வந்தால், ஏற்கெனவே பேச்சில் வந்த ஆடு. ஆங்கிலத்தின் 'தி' செய்யும் வேலையும் இதுதான். அவளிடமே கேட்டேன், 'யூலே' எங்கே போயிற்று என்று. சிரித்துக்கொண்டே இரண்டாவது 'கோட்'டுக்கு முன்னால் 'தி' எழுதினாள். முதல் ஆட்டுக்கு 'எ' போட நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. 'கிதாபு' என்றால் புத்தகம். அரபியிலிருந்து வந்த சொல், நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். (அதன் முதலெழுத்தைத் தங்கள் ஒருமை முன்னொட்டு என்று எடுத்துக்கொண்டு பன்மைக்கு 'விதாபு' என்கிறார்கள். எனக்கு அலுக்காத வேடிக்கை இது.) 'நிமெனுனுவா கிதாபு' என்றால் புத்தகம் வாங்கியிருக்கிறேன். வினைக்குள் 'அதை' என்று பொருள்படும் ஒரு 'கி' நுழைந்து 'நிமெகினுனுவா கிதாபு' ஆனால், புத்தகத்தை வாங்கியிருக்கிறேன். அது எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கும் தெரியும். நம் 'ஐ' உருபு பெயரில் செய்வதை அவர்கள் வினையில் செய்கிறார்கள். மனிதர் என்றால் 'ஆளைப் பார்த்தேன்' என்றே நாம் சொல்லியாக வேண்டும். அவர்களும் அங்கே பெரும்பாலும் அப்படியோர் இடைச்செருகலை விடுவதில்லை. இதைத் தமிழ் பேசும் நாம் சொல்லித்தராமல் வேறு யார் சொல்வது?

எல்லா இடத்திலும் இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஷி இஸ் டீச்சர்' என்று எழுதும் பிள்ளைக்கு 'யெயே நி ம்வாலிமு' என்பதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, 'அவர் ஆசிரியர்' என்பதில் நமக்கு இல்லாதது போலவே. 'லைஃப் இஸ் ஹார்ட்' என்று முதலில் சரியாக எழுதியவன், நாம் 'தி', 'தி' என்று துரத்தியபின் 'தி லைஃப்' என்று எழுதத் தொடங்குவான். அங்கே இலக்கண விளக்கம் வீண். எழுதி எழுதித்தான் பழக வேண்டும். வகுப்பு நேரத்தை அதற்கு மிச்சம் வையுங்கள். ஆட்டுக்கும் கிதாபுக்கும் அரை மணி நேரம் போதும்.

அன்புடன்,
முன்னாள் சக ஆசிரியர் ஒருவர்